முதல் வரியில் விட்ட இடம்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டவை எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பச்சை நிறம். புதியவை, இரண்டின் கால்களில் கடையில் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை. எட்டும் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. எட்டிலும் யாரும் இல்லை.

ஆட்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்கள். கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

நடுவில் உயரமான ஒருவர் நின்றார். வெள்ளை வேட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. அறுபத்தைந்து வயது இருக்கலாம். நான் நேராக அவரிடம் போய், "வணக்கம் தலைவரே" என்றேன்.

அவர் கையைத் திருப்பித் தன் வலப்பக்கம் காட்டினார். அங்கே சுவரோரமாக ஒரு பெண், ஊதாப் புடவையின் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டபடி நின்றிருந்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார்.

"தலைவர் அவங்க. நான் ரெண்டாவது வார்டு மெம்பரு," என்றார் அந்தப் பெரியவர்.

பதினைந்து ஆண்டு நிருபர் வேலையில் நான் கூசிப்போன சந்தர்ப்பங்கள் சில உண்டு. அதில் இது முன்வரிசையில் இருக்கிறது. ஏனென்றால் நான் அன்று அந்த ஊருக்குப் போனதே, ஊராட்சித் தலைவர்களாக வந்த பெண்களைப் பற்றி எழுதத்தான்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் புது மாவட்டம் பிறந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ராஜா, ஜமீன் எல்லாம் போய் எவ்வளவோ காலம் ஆகிறதே, அப்படிப்பட்டவர் யாரையாவது நீங்கள் பக்கத்தில் பார்த்ததுண்டா?

ஒருவரைப் பார்த்தேன். ரெண்டாவது வார்டு மெம்பர்.

இரண்டு மரியாதைகள்

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. திருவண்ணாமலையிலிருந்து செங்கம் சாலையில் போய், ஆசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டவர் அறையெடுத்துத் தங்கும் கட்டடங்களையும் தாண்டி, பிறகு இடது கைப்பக்கம் ஒரு மண் சாலையில் திரும்ப வேண்டும். பேருந்தில் முக்கால் மணி நேரம். ஒரு காலத்தில் ஏழு ஊர்கள் கொண்ட சிறிய ஜமீனுக்கு அது தலைமையிடம்.

அந்த ஜமீனின் வாரிசுதான் ரெண்டாவது வார்டு மெம்பர். ஜமீன் ஒழிந்தபோது அவர் பள்ளிக்கூட மாணவர். பட்டத்துக்கு வரவேண்டிய வயதில் பட்டம் இல்லை. ஊர் மட்டும் அவரைத் 'தொர' என்றே கூப்பிட்டது. அதையே நானும் எழுத்து வழக்கில் துரை என்று எழுதுகிறேன்.

பெண் தலைவரின் பெயர் தனம். காலனியைச் சேர்ந்தவர். எட்டாவது வரை படித்தவர். மூன்று தலைமுறையாக அவர் வீட்டார் துரையின் நிலத்தில் வேலை செய்தவர்கள். தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு என்று அறிவிப்பு வந்ததும் ஊர் துரையைத்தான் கேட்டது. துரை தனத்தைச் சொன்னார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

ஆகவே ஊரின் கணக்கு எளிமையானது. தனம் பெயருக்குத் தலைவர். துரை சொல்வார், தனம் கையெழுத்துப் போடுவார்.

தனத்தின் மனதில் வேறு ஒன்று இருந்தது. காலனிப் பெண்களுக்கு அவர் ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: தண்ணீர் டேங்க். அதுவரை அவர்கள் துரையின் கொல்லை பம்ப்செட்டுக்குத்தான் குடத்தோடு போனார்கள். துரை ஒருநாளும் இல்லை என்றதில்லை. ஆனால் கரண்டு வரும் நேரம் பார்த்துப் போக வேண்டும். மோட்டாரைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

"அவரு குடுக்கறாருங்க. ஆனா தெனம் கேக்கணும் இல்ல?" என்றார் தனம்.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் போனதும் நாற்காலிகளைப் பற்றிக் கேட்டேன். அவை வந்து ஆறு மாதமாகிறதாம். ஒரு கூட்டத்தில்கூட யாரும் உட்கார்ந்ததில்லை.

"தொர நிக்கறாரு. அவரு நிக்கும்போது நான் எப்படிங்க குந்தறது?"

வெளியே புங்க மரத்தடியில் துரை தன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டேன்.

"ஒரு பொம்பள நிக்கும்போது நான் உக்காந்து பழக்கமில்ல. அதுவும் தலைவரு. அவங்க உக்காந்தா நான் உக்காரப் போறேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"அதெல்லாம் வாய விட்டுச் சொல்றதா சார்?"

இவர் உட்கார அவர் காத்திருந்தார்; அவர் உட்கார இவர் காத்திருந்தார். இவர்கள் இருவரும் நிற்கும்போது மற்ற ஐந்து உறுப்பினர்கள் எங்கே உட்காருவது? எழுத்தர் மாணிக்கம் தீர்மானப் புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்து எழுதினார்.

ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நான் சொல்லவில்லை. கேட்டதை எழுதலாம், தூது போகக் கூடாது என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த செய்தி ஆசிரியர் சொல்லியிருந்தார். அது நல்ல விதிதானா என்று இப்போது யோசிக்கிறேன்.

மூன்று வரி விளக்கம்

திருவண்ணாமலைக்கு வருவதற்கு முன் நான் வேலூரில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். எங்கள் நாளிதழில் மாணவர்களுக்கு வாரம் ஒரு பக்கம் உண்டு. அதை எழுதுபவர் விடுப்பில் போனால் என் தலையில் விழும்.

ஒரு வாரம் ஆட்சிமுறைகள். மன்னராட்சிக்கு மூன்று வரி, பிரபுக்கள் ஆட்சிக்கு மூன்று வரி, மக்களாட்சிக்கு மூன்று வரி. நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி எழுதினேன். பிரபுக்கள் ஆட்சி என்பது பிறப்பாலும் செல்வத்தாலும் உயர்ந்த ஒரு சிறு வகுப்பார் நாட்டை நடத்துவது. 'அரிஸ்டாக்ரசி' என்ற அந்தச் சொல்லைப் பழைய கிரேக்கர்கள் சிறந்தவர்களின் ஆட்சி என்ற பொருளில் வழங்கினார்கள். நாளடைவில் ஆட்சி போய், வகுப்பின் பெயராக மட்டும் அது நின்றது.

அடுத்த வாரம் ஒரு தபால் அட்டை வந்தது. ஆரணிப் பக்கத்து மாணவி. கையெழுத்து மணி மணியாக இருந்தது. "சிறந்தவர் யார் என்று யார் முடிவு செய்வார்கள்?" என்று ஒரு வரி. கீழே பெயர், வகுப்பு, பிரிவு.

ஆசிரியரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, இடமில்லை என்றார். இடம் இருந்தது. பதில்தான் இல்லை.

துரையைப் பார்த்த பிறகு எனக்கு அந்த மூன்று வரிகளின் மேல் நம்பிக்கை குறைந்தது. செல்வம் என்று எழுதியிருந்தேன். அவர் வீட்டின் முன்பாதியில் ஓடு சரிந்து, அவரும் மனைவியும் பின்பாதியில் சமையலறையை ஒட்டிய இரண்டு அறைகளில் இருந்தார்கள். இருந்த நிலத்தில் பாதி கைமாறிவிட்டது. வேட்டியைத் தானே துவைத்துக் காயப்போடுவார். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கொல்லைப்பக்கம் காயப்போடுவார் என்றும், எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் என்றும் மாணிக்கம் சொன்னார்.

ஆட்சி என்று எழுதியிருந்தேன். அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஒரு வார்டின் ஓட்டு மட்டும் இருந்தது.

வகுப்பு மட்டும் மிச்சம். அதுவும் அவரிடம் இருந்ததைவிட ஊராரிடம் அதிகம் இருந்தது.

சைக்கிள்

துரை ஏன் பேருந்தில் வருவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். டவுனில் பத்திர அலுவலகத்துக்கோ மருந்துக்கோ வந்தாலும் சைக்கிள்தான். அந்த வயதில், செங்கம் சாலையில், லாரிகளுக்கு நடுவே.

பேருந்தில் ஏறினால் யாராவது எழுந்துவிடுகிறார்களாம். ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவரும் எழுகிறார். "பாவம், கொழந்தைய வெச்சிக்கிட்டு ஒரு பொண்ணு டவுன் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்துது. நான் எவ்ளோ சொல்லியும் குந்தல. அன்னியோட பஸ்ஸ விட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் வருத்தப்பட்டார். தன்னைப் பற்றி இல்லை. அந்தக் குழந்தைக்கு அன்று காய்ச்சல் என்று பிறகு தெரிந்ததாம்.

மழை முடிந்த ஒரு மாதத்தில், சாலையோரப் புளிய மரத்தடியில் அவர் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர். பின்னால் வந்த பால் வேன்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்.

திரும்பி வந்த தீர்மானம்

அந்த வாரம் புதன்கிழமை நான் ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தினம் ஒரு சுற்று போவேன். குடிநீர்ப் பிரிவு எழுத்தர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டிச் சிரித்தார்.

"இந்த வேடிக்கைய பாருங்க சார்."

தனத்தின் ஊராட்சித் தீர்மானம். காலனி முனையில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்ட இடம் ஒதுக்கி நிறைவேற்றியது. கீழே கையெழுத்துகள். முதல் வரி காலி. இரண்டாவது வரியில் தனம். அதன் கீழே மற்ற உறுப்பினர்கள்.

ஓரத்தில் சிவப்பு மையில் அதிகாரியின் குறிப்பு: 'முதல் இடம் யாருக்காக விடப்பட்டுள்ளது? தலைவர் உரிய இடத்தில் கையொப்பமிட்டு மறுபடி அனுப்பவும்.'

அந்த ஆண்டு ஒன்றியத்துக்கு வந்தவை சில டேங்குகள்தான். கேட்ட ஊர்கள் பல. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சரியான தீர்மானம் வராத ஊரின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். பக்கத்து ஊர்க்காரர்கள் ஏற்கெனவே வந்து எழுத்தரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் வரி யாருக்கு என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முழுவதும் தெரிந்தது மாணிக்கத்தைப் பார்த்த பிறகுதான்.

அந்த ஊரிலிருந்து எந்த மனு போனாலும் முதல் கையெழுத்து துரையுடையது. யாரும் எழுதி வைத்த விதியில்லை. அவர் அப்பா காலத்திலிருந்து அப்படி. மனு எழுதி முடித்ததும் துரையிடம் கொண்டுபோவார்கள். அவர் மேலே போட்ட பிறகு மற்றவர்கள் கீழே போடுவார்கள். ஊராட்சிக் கூட்டத்திலும் அதையே செய்தார்கள். இதுவரை அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வந்ததால் காலி இடம் விழவில்லை. முதலில் துரை, அடுத்து தனம். ஒன்றிய அலுவலகத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இந்தமுறை துரை மருத்துவமனையில் படுத்திருந்தார். டேங்க் தீர்மானம் அவசரம். கூட்டத்தை நடத்தினார்கள். கையெழுத்துப் போட வரும்போது, ஒருவர் கையும் முதல் வரிக்குப் போகவில்லை.

"அதுல போட்டா தொரய இல்லன்னு வெச்ச மாதிரி ஆயிடும் சார். மனுசன் ஆஸ்பத்திரியில கெடக்கறாரு," என்றார் மாணிக்கம்.

தீர்மானம் திரும்பியதும் உறுப்பினர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். புத்தகத்தில் தீர்மானத்தைப் புதிதாக எழுதி, தங்கள் கையெழுத்துகளைப் போட்டு, மேலே இரண்டு வரி இடம் விட்டார்கள். ஒன்று துரைக்கு, ஒன்று தனத்துக்கு. மருத்துவமனையில் துரையின் கையெழுத்தை வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள்.

தனம் மட்டும் இன்னும் தன் கையெழுத்தைப் போடவில்லையாம்.

இரும்புக் கட்டில்

வெள்ளிக்கிழமை பௌர்ணமி.

ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பௌர்ணமியன்று மதியத்துக்கு மேல் திருவண்ணாமலையில் வண்டி நகராது. மலை சுற்ற வருகிறவர்களின் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். தனமும் மாணிக்கமும் பன்னிரண்டு மணிக்கே இறக்கிவிடப்பட்டு, தீர்மானப் புத்தகத்தோடு நடந்து வந்தார்கள். மருத்துவமனை வாசலில் நான் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். செய்திக்காகத்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டேன்.

மாடியில் கடைசி அறை. ஜன்னல் வழியாக மலையின் ஒரு ஓரம் தெரிந்தது. இரும்புக் கட்டிலில் துரை, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். வலது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி நகராமலிருக்க அந்தக் கையை ஒரு அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மனைவி மருந்துக் கடைக்குப் போயிருந்தார்.

சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தனமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். துரை இடது கையால் போர்வையை இழுத்து மேலே போட்டுக்கொண்டார்.

"வாங்க. கூட்டம் நடந்துதா?"

மாணிக்கம் நடந்ததைச் சொன்னார். புத்தகத்தை விரித்து, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். துரை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக முழுவதும் படித்தார்.

"நான்தான் கூட்டத்துக்கு வரலியே. எனக்கு எதுக்கு எடம் வுட்டீங்க?"

"பழக்கங்க தொர."

"இன்னா பழக்கம்?"

மாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பதில் வாசற்படியிலிருந்து வந்தது.

"நீங்க மொதல்ல போடாம ஊர்லேருந்து ஒரு காகிதமும் போவாதுங்க," என்றார் தனம்.

"அது தெரியும். என்கிட்ட கொண்டாருவீங்க, போடுவேன். நான் ஊர்ல இல்லன்னா?"

"காகிதம் அப்படியே இருக்கும்."

"எவ்ளோ நாளு?"

"நீங்க வர்ற வரைக்கும்."

அது அவருக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்த யாரும் அதைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். காகிதங்கள் தன்னிடம் வருகின்றன என்று மட்டும்தான் அவர் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்தார். தான் இல்லாதபோது அவை என்ன ஆகும் என்று அவர் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை.

"அப்படி எதுனா நின்னு போச்சா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

மாணிக்கம், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தொடங்கினார். தனம் உள்ளே இரண்டடி வந்தார்.

"காலனிக்கு லைட்டு கம்பம் கேட்டு எழுதனோங்க. உங்க பொண்ணு பிரசவத்துக்கு நீங்க மெட்ராஸ் போயிருந்தீங்க. ரெண்டு மாசம். மனு மாணிக்கம் வீட்டுப் பொட்டிக்குள்ளயே இருந்துது. நீங்க வர்றதுக்குள்ள பக்கத்து ஊருக்குக் குடுத்துட்டாங்க."

துரை யோசித்தார். எனக்குத் தெரியாத ஒரு வருடத்தை அவர் தேடிப் பிடிப்பது முகத்தில் தெரிந்தது.

"நான் வந்து திட்டினேன் இல்ல? பக்கத்து ஊர்க்காரன் கேட்டு வாங்கிட்டான், நீங்க தூங்கறீங்களான்னு?"

"திட்டினீங்க."

"ஒருத்தரும் வாயத் தொறக்கல."

"எப்படிங்க சொல்றது, உங்களுக்காகத்தான் வெச்சிருந்தோம்னு?"

பிறகு தனம் இன்னொன்றும் சொன்னார், குரலை உயர்த்தாமல். அடுத்து கம்பம் வர நான்கு வருடம் ஆயிற்று. அதற்குள் அவர் மாமியார் இருட்டில் வாய்க்காலில் விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. இன்றுவரை உட்கார்ந்தபடியேதான் நகர்கிறார்.

துரைக்கு அந்த மாமியாரைத் தெரியும். அவர் நிலத்தில் நாற்று நட்டவர். வைத்தியத்துக்குத் துரைதான் வண்டி வைத்து அனுப்பினாராம். தனம் அதையும் சொன்னார். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லவில்லை.

கீழே தெருவில் போகிறவர்களின் காலடிச் சத்தம் கேட்டது. பௌர்ணமிக் கூட்டம் அப்போதே தொடங்கியிருந்தது. வெறுங்காலோடு நடப்பவர்களின் சத்தத்துக்கு ஒரு தனித் தன்மை உண்டு. பெரிய முறத்தில் எதையோ புடைப்பது போல இருக்கும்.

துரை இடது கையை நீட்டினார்.

"குடு மாணிக்கம். எடது கையில போடறேன். கோணலா இருந்தாலும் பரவால்ல. இன்னைக்குத்தான கடைசி?"

உதவி செய்யத்தான் நீட்டினார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாணிக்கம் நிம்மதியோடு பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"வேணாங்க தொர," என்றார் தனம்.

மூவரும் அவரைப் பார்த்தோம்.

"கூட்டத்துக்கு வராதவங்க போட்டா மறுபடியும் திருப்பிடுவாங்க. அது தலைவரு போடற எடம்."

அந்த அறையில் உட்கார ஒரு ஸ்டூல்தான் இருந்தது. அதன்மேல் துரையின் மடித்த சட்டையும் ஒரு ஆரஞ்சுப் பையும் இருந்தன. தனம் சட்டையை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். பையைத் தரையில் வைத்தார். ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாணிக்கத்திடமிருந்து புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

தீர்மானப் புத்தகம் நீளமானது, கனமானது, மடியில் நிற்காது. முதல் எழுத்தைப் போடும்போதே சரிந்தது. துரை சாய்ந்தவாறே இடது கையை நீட்டி, அது நழுவாமல் மேல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

தனம் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுகிறவர். முதல் வரியில், ஒவ்வொரு எழுத்தாக, அழுத்திப் போட்டார். அடுத்த வரி வெறுமையாக இருந்தது. யாரும் பின்னால் நுழைக்காதபடி அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். மை காயும் வரை துரை கையை எடுக்கவில்லை.

"தேதி போடு," என்றார் அவர். "தேதி போடலன்னா அதுக்கொரு தரம் அலைய வுடுவான்."

தனம் தேதி போட்டார்.

நடந்து போனது

ஆட்டோ இல்லை. மருத்துவமனையிலிருந்து ஒன்றிய அலுவலகம் வரை கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தோம். எல்லாரும் மலையைச் சுற்றப் போகிறார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் எதிரே வருகிறோம். தனம் புத்தகத்தை முந்தானைக்குள் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். முட்டியவர்களிடமெல்லாம் மாணிக்கம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். ஊருக்குத் திரும்பினால் என்ன சொல்வார்களோ என்று கவலை.

"அதுல உன் கையெழுத்து இல்லல்ல, நீ இன்னாத்துக்கு பயப்படறே? என்னக் கேட்டா நான் சொல்லிக்கறேன்," என்றார் தனம்.

"தொர மனசு கஷ்டப்பட்டிருக்கும்."

தனம் நடக்கத் தொடங்கினார். ஒரு மோர்ப் பந்தலைத் தாண்டிய பிறகு, "பட்டிருக்கும்," என்றார். இன்னும் சிறிது தூரம் போன பிறகு, "எனக்கும்தான்," என்றார்.

மூன்றரை மணிக்குக் குடிநீர்ப் பிரிவு எழுத்தர் புத்தகத்தை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

அன்று இரவு நான் வேலூருக்குத் தொலைபேசியில் கொடுத்த செய்தி, கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தைப் பற்றியது. இதை எழுதவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்பதுதான் காரணம். யார் மேலும் குற்றம் சொல்லாமல் ஒரு செய்தியை எழுதினால் செய்திப் பிரிவு டெஸ்க்கில் அதைக் கட்டுரை என்பார்கள்.

துரை பத்து நாளில் வீடு திரும்பினார். மருத்துவர் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்றார். அதற்குப் பிறகு அவர் டவுனுக்குப் பேருந்தில் வந்தார். அவருக்காக எழுந்தவர்களுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த கோடையில் காலனி முனையில் டேங்க் எழும்பியது. காலனிக்கு மூன்று குழாய்கள், துரையின் தெருவுக்கு இரண்டு. காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை, யாரையும் கேட்காமலே தண்ணீர் வந்தது.